குட்டிக்கு ஒரு ஸ்வெட்டர்: ஊசி எடுக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள்

கையால் பின்னிய ஸ்வெட்டரைக் குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே நல்ல விஷயம், தங்கச்சி. ஆனால் ஆசையாகப் பின்னிய ஸ்வெட்டர்களில் பல, ஒரு போட்டோ எடுத்ததோடு பீரோவுக்குள் போய்விடுகின்றன. கழுத்து தலையில் நுழையாது. நூல் குத்தும். ஒரு தடவை துவைத்ததும் சுருங்கிவிடும். குளிர் வருவதற்குள் குழந்தை வளர்ந்திருக்கும். டிசைனைப் பார்த்து ஆரம்பித்துவிட்டு, குழந்தையைக் கடைசியில் நினைப்பதால்தான் இப்படி ஆகிறது. முதலில் அதைப் போட்டுக்கொள்ளப் போகிற குழந்தையை நினை. அடுத்து, தினமும் போட்டுவிட்டுத் துவைக்கப் போகிற அம்மாவை நினை. நான் சொல்கிற எல்லா டிப்ஸும் இந்த இரண்டு பேருக்காகத்தான்.

மாதக் கணக்கு போடு

பிறந்த குழந்தை அளவில் பின்னாதே. அந்த அளவு சில வாரங்களிலேயே பத்தாமல் போய்விடும். குளிர் வரும்போது குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று விரல் விட்டு எண்ணு. ஆடியில் பிறக்கிற குழந்தைக்கு மார்கழியில் ஐந்து மாதம், ஆறு மாத அளவு சரியாக இருக்கும். மாசியில் பிறந்தால் மார்கழிக்குப் பத்து மாதம், ஒரு வயது அளவில் பின்னு. சந்தேகம் வந்தால் பெரிய அளவையே எடு. பெரிதாக இருந்தால் கையை மடித்துவிடலாம், சிறிதாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

ஊரையும் பார். ஊட்டி, கொடைக்கானல் குழந்தைக்கு முழுக்கை கம்பளி ஸ்வெட்டர் தேவை. சென்னை, மதுரைக் குழந்தைக்கு ஏசி அறைக்கும் இரவு ரயிலுக்கும் பருத்தி நூலில் கையில்லாத ஸ்வெட்டர் போதும். டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கிற அண்ணன் குழந்தைக்கு என்றால் தடிமனாகப் பின்னத் தோன்றும். அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், வெளியே கிளம்பினால் மேலே ஜாக்கெட் போடுவார்கள். அந்த ஜாக்கெட்டுக்குள் அடங்குகிற மெல்லிய ஸ்வெட்டர்தான் அவர்களுக்கு உபயோகப்படும்.

பிறக்கும் முன் குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்கிற வீடுகள் உண்டு. அங்கே வளைகாப்பில் நீட்டாமல், பெயர் சூட்டும் நாளுக்கு வைத்துக்கொள்.

நூலைக் கழுத்தில் வைத்துப் பார்

கடையில் நூல் கண்டை உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாடைக்குக் கீழே, கழுத்தில் வைத்து லேசாகத் தேய். உனக்கு அரிக்கிற நூல் குழந்தைக்கு வேண்டாம்.

அக்ரிலிக் நூல் விலை குறைவு. அடிக்கடி துவைக்கலாம், பூச்சி அரிக்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும். அதைப் போட்ட குழந்தையை விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் விடாதே. கம்பளி நல்ல வெதுவெதுப்புத் தரும், நெருப்பு சட்டென்று பற்றாது. மெரினோ என்றால் குத்தாது. ஆனால் சாதாரணக் கம்பளி வெந்நீரிலும் வாஷிங் மெஷினிலும் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அதனால் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கிற மெரினோவாகப் பார்த்து வாங்கு. கைக்குழந்தையை வைத்திருக்கிற அம்மாவுக்குத் தனியாக அலசிக் காயவைக்க ஏது நேரம்? பருத்தி நூல் நம் ஊருக்கு ஏற்றது, ஆனால் கம்பளி போல இழுபட்டுத் திரும்பாது. போகப் போகத் தொய்ந்துவிடும். கை விளிம்பையும் அடி விளிம்பையும் ஒரு சைஸ் மெல்லிய ஊசியில் பின்னினால் தொய்வது குறையும்.

மொஹேர், அங்கோரா போன்ற பஞ்சு பறக்கும் நூல்கள் பார்க்க அழகு, குழந்தைக்கு ஆகாது. பிரிந்து வரும் முடி வாய்க்கும் மூக்குக்கும் போகும். அடர் சிவப்பு, கருநீலம் வாங்கினால் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். குழந்தை ஸ்வெட்டர் கையை வாயில் வைத்துச் சப்பும், சாயம் போகிற நூல் வேண்டாம்.

ஆறு மாத அளவுக்கு 4 ப்ளை நூலில் பெரும்பாலும் 150 கிராம் போதும். லேபிளில் நிறத்தின் நம்பரோடு லாட் நம்பரும் இருக்கும். எல்லாக் கண்டும் ஒரே லாட்டாக, ஒரே நாளில் வாங்கிவிடு. ஒரே நிறமானாலும் லாட் மாறினால் முன்பக்கம் ஒரு சாயலும் கை வேறு சாயலுமாகத் தெரியும்.

ஊசி நம்பரில் ஏமாறாதே

நம் கடைகளில் கிடைக்கும் நிட்டிங் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்க நம்பர் இதற்கு நேர் தலைகீழ். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. தடிமன். இணையத்தில் கிடைத்த அமெரிக்க டிசைனில் 8 என்று போட்டிருக்கிறதே என்று நம் ஊர் 8-ஐ எடுத்தால் ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும். நம்பரை விட்டுவிட்டு எப்போதும் மில்லிமீட்டரைப் பார்.

சாம்பிள் துண்டைத் தவிர்க்காதே

எல்லோரும் தாண்டிப் போகிற வேலை இது. நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வதும் இதைத்தான். 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னு. துவைத்துக் காயவை. பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணு.

4 ப்ளை நூலும் 10-ஆம் நம்பர் ஊசியும் என்றால் வழக்கமாக 28 கண்ணி வரும். இப்போது கணக்கைப் பார். ஆறு மாதக் குழந்தையின் மார்புச் சுற்றளவு ஏறத்தாழ 43 செ.மீ. உள்ளே ஒரு சட்டை இருக்கும், மூச்சு விட இடம் வேண்டும், அதற்கு 5 செ.மீ. சேர். மொத்தம் 48. ஒரு செ.மீ.க்கு 2.8 கண்ணி வீதம் 134 கண்ணி, முன்பக்கம் 67, பின்பக்கம் 67. உன் கை கொஞ்சம் இறுக்கமாக இருந்து 10 செ.மீ.யில் 30 கண்ணி வந்தால், அதே 134 கண்ணி 45 செ.மீ.கூட வராது. சட்டைக்கு மேல் பிடிக்கும். கை தளர்ந்து 26 வந்தால் 51 செ.மீ.யைத் தாண்டும். வித்தியாசம் இரண்டே கண்ணிதான். கண்ணி அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கு மாறு, குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கு மாறு. கையை வலுக்கட்டாயமாக மாற்றப் பார்க்காதே, பாதியில் பழைய பிடிக்கே போய்விடும்.

மற்ற வயதுகளுக்கு மார்புச் சுற்றளவைக் குறித்துக்கொள்: மூன்று மாதம் 40.5 செ.மீ., ஒரு வயது 45.5, இரண்டு வயது 53, நான்கு வயது 58.5. குழந்தை பக்கத்தில் இருந்தால் டேப்பால் அளந்துவிடு. தூரத்தில் இருந்தால், இப்போது போடுகிற சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்குக் கீழே அளந்து சொல்லச் சொல்.

முதல் ஸ்வெட்டர் எளிதாக இருக்கட்டும்

எல்லா வரிசையும் நிட் பின்னினால் வருவது கார்ட்டர் பின்னல். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது, நீளவாக்கில் நன்றாக இழுபடும். வளர்கிற குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னினால் வழுவழுப்பாக வரும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். அதற்கு விளிம்பில் ரிப் கட்டாயம்.

எலிசபெத் ஜிம்மர்மன் என்ற நிட்டிங் ஆசிரியை 1968-இல் உருவாக்கிய பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட் முழுக்க கார்ட்டர் பின்னல்தான். ஒரே துண்டாகப் பின்னி, மடித்து, தோளில் இரண்டு தையல் போட்டால் ஜாக்கெட் வந்துவிடும். உலகம் முழுக்க இன்றும் பின்னுகிறார்கள். கொஞ்சம் கை பழகியதும் முயன்று பார்.

கழுத்திலிருந்து கீழே இறங்கிப் பின்னுகிற ராக்லன் மாடலும் நல்லது. அதில் கையும் உடம்பும் விளிம்பில் முடிவதால், அடுத்த வருஷம் அந்த விளிம்பை மட்டும் பிரித்து நான்கு விரல் நீளம் கூட்டலாம். மீதி நூலைப் பத்திரமாக வைத்திரு.

கழுத்தும் கையும்

குழந்தைக்குத் தலை பெரிது. ஆறு மாதத்தில் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் கழுத்துத் துவாரம் மார்பளவுக்கு விரிய வேண்டும். கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலை வழியாகப் போடும் ஸ்வெட்டரே வேண்டாம், முன்னால் திறக்கிற மாதிரி பின்னு. பெரிய குழந்தைக்குத் தோளில் இரண்டு பட்டன் வைத்தால் போதும். கழுத்தில் கண்ணியை முடிக்கும்போது இரண்டு சைஸ் தடித்த ஊசியைப் பயன்படுத்து. இறுக்கி முடித்த கழுத்து விரியவே விரியாது.

குழந்தைக்குக் கை போட்டுவிடுவதைக் கவனித்திருக்கிறாயா? குழந்தை தானாகக் கையை நீட்டாது. அம்மா கை விளிம்பு வழியாகத் தன் விரல்களை உள்ளே விட்டு, மூடிய குட்டி முஷ்டியைப் பிடித்து வெளியே இழுப்பாள். அதனால் விளிம்பில் உன் மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். பின்னி முடித்ததும் விட்டுப் பார். நுழையவில்லை என்றால் அந்த விளிம்பைப் பிரித்துத் திரும்பப் பின்னு.

இதில் விட்டுக்கொடுக்காதே

கழுத்தில் நாடா, ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். நாடா எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும், குஞ்சம் பிய்ந்தால் வாய்க்குள் போகும்.

பட்டன் எந்த சைஸானாலும் குழந்தை விழுங்கக் கூடியதுதான். உல்லன் நூலால் தைக்காதே, தேய்ந்து அறுந்துவிடும். வலுவான பாலியெஸ்டர் நூலால் தை. பின்பக்கம் ஒரு சின்னத் துணித் துண்டைக் கொடுத்துத் தைத்தால் கண்ணி கிழியாது. பிறகு உன் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்.

ஓட்டை ஓட்டையான லேஸ் பின்னல் கைக்குழந்தைக்கு வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும். இரண்டு நிறம் வைத்துப் பின்னினால் உள்பக்கம் நூல் நீளமாகத் தொங்கும். அதுவும் விரலில் சுற்றிக்கொள்ளும். மூன்று நான்கு கண்ணிக்கு ஒரு தரம் அந்த நூலைப் பின்னலோடு பிடித்துவிடு. கையுறை, பூட்டீஸ் போடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே திருப்பிப் பார்க்கச் சொல். ஒரு இழை பிஞ்சு விரலில் இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

முடிக்கும்போது நூல் நுனியை 10 செ.மீ. விட்டு வெட்டு. பின்பக்கக் கண்ணிகளுக்குள் ஒரு திசையில் கோத்து, மறுபடி எதிர்த் திசையில் கொஞ்சம் கோத்துவிட்டு நறுக்கு. முடிச்சு போடாதே, அது தோலில் உறுத்தும்.

குல்லா, பொம்மை, போர்வை

குல்லாவைத் தலைச் சுற்றளவைவிட 2 அல்லது 3 செ.மீ. குறைத்துப் பின்னினால் நழுவாது. வெளியே போகும்போது போடட்டும். வீட்டில் நல்லபடியாக இருக்கிற குழந்தை குல்லாவோடு தூங்க வேண்டாம், உடல் சூடு கூடிவிடும். குறை மாதத்தில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு விஷயம் வேறு. குல்லா பற்றி டாக்டர் சொல்வதையே கேட்கட்டும். குழந்தைக்குச் சூடா, குளிரா என்று பார்க்கக் கையைத் தொடாதே, அது சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் தொட்டுப் பார். அங்கே வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்ற வேண்டும்.

பொம்மை பின்னினால் கண்ணை நூலால் தைத்து வை, பட்டனோ மணியோ வேண்டாம். பஞ்சு வெளியே தெரியாதபடி மெல்லிய ஊசியில் நெருக்கமாகப் பின்னு. போர்வை பின்னினால் தள்ளுவண்டிக்கும் மடியில் வைத்துக்கொள்வதற்கும் என்று சொல்லிக் கொடு. ஒரு வயதுக்குள் தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையும் பொம்மையும் இருக்கக் கூடாது.

பாச்சா உருண்டை வேண்டவே வேண்டாம்

இதை நன்றாக மனதில் வை. அந்துருண்டை, பாச்சா உருண்டை என்று நாம் சொல்கிற நாப்தலின் உருண்டை பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து. ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது. பாட்டி பின்னியது, அக்கா குழந்தை போட்டது என்று பீரோவில் உருண்டையோடு இருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போடாதே. நன்றாகத் துவைத்துக் காயவைத்து, மூடிய பையில் வைத்தாலே பூச்சி பெரும்பாலும் வராது, அழுக்கும் வியர்வையும்தான் அதை இழுக்கும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம்.

துவைப்பதும் எளிது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், நிழலில் விரித்துக் காயவைக்கச் சொல்.

கொடுக்கும்போது

நீயே ஒரு தடவை துவைத்துக் கொடு. நூல் லேபிள், துவைக்கும் முறை எழுதிய ஒரு சீட்டு, ஒரு உபரி பட்டன், கொஞ்சம் நூல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுச் சேர்த்துக் கொடு. “எடுத்து வைக்காதீங்க, தினமும் போடுங்க” என்று வாய் விட்டுச் சொல். கைவேலை என்பதால் பலர் பயந்து பத்திரப்படுத்திவிடுகிறார்கள்.

சில வாரம் கழித்து, “ஸ்வெட்டர்ல பால் கறை ஆயிடுச்சு, போகவே மாட்டேங்குது” என்று அந்த அம்மா வருத்தப்பட்டுச் சொன்னால் நீ சந்தோஷப்படு. உன் ஸ்வெட்டர் தினமும் குழந்தையின் உடம்பில் இருக்கிறது. கறைக்கு ஒரு வழி சொல்லிவிட்டு, அடுத்த சைஸுக்கு நூல் வாங்கக் கிளம்பு.