லேப்டாப் பை: கையிலா, பெட்டியிலா?

கேள்வி: மகள் ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு முதன்முறையாகப் பறக்கிறாள். லேப்டாப்பைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாமா? சோதனையில் அதை ஏன் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கையில் கொண்டுபோவதே நல்லது, அம்மா. லித்தியம் பேட்டரி சூடேறிப் புகைந்தால், பயணிகள் பகுதியில் உடனே அணைக்கலாம், சரக்கறையில் முடியாது. பவர் பேங்க்கைப் பெட்டியில் போடவே கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணிதான்; பயமில்லை. ஆனால், 2025 ஏப்ரல் 1 முதல் ஸ்கூட் விமானத்துக்குள் அதில் சார்ஜ் போட அனுமதியில்லை.

லேப்டாப்பின் பேட்டரியும் உலோகத் தகடுகளும் எக்ஸ்ரேயில் அடர்ந்த நிழலாக விழுந்து, அடியில் இருப்பதை மறைக்கும். அதனால்தான் தனித் தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். பல கோணங்களில் படமெடுக்கும் சிடி ஸ்கேனர் உள்ள இடங்களில் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை.

பையின் பக்க ஜிப்பில் கிடக்கும் கத்தரி, பேனாக்கத்தியை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் சம்பாலும் திரவக் கணக்குதான். 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தலென்றால் பெட்டிக்குள் போகட்டும்.