டர்போ செடானுக்கு முதல் செலவு எதில்?

சித்தூர், திருப்பதிப் பக்கம் புது வண்டி எடுத்தால் முதல் ஓட்டம் காணிப்பாக்கத்துக்குத்தான். வரசித்தி விநாயகர் கோயிலில் பூஜை, சக்கரத்தடியில் எலுமிச்சை, அப்புறம்தான் வீடு. அந்த வண்டி ஒரு டர்போ பெட்ரோல் செடானாக இருந்துவிட்டால், முதல் சர்வீசுக்கு முன்பே நண்பர்கள் வட்டத்தில் பேச்சு கிளம்பிவிடும்: “பெங்களூர் போய் ரீமேப் பண்ணிடு, பிக்கப் எப்படி இருக்கும் பாரு!”

ரீமேப், அதாவது எஞ்சின் கணினியின் சாப்ட்வேரை மாற்றும் இந்த ஆசை, வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2017இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 குதிரைத்திறனோடு வந்தபோது விலை 25 லட்சத்தைத் தொட்டது. வாங்கியவர்கள் சில நூறு பேர். 2022இல் வோக்ஸ்வாகன் வெர்டஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினோடு வந்தன. 2023இல் ஹூண்டாய் வெர்னாவும் 1.5 லிட்டர் டர்போவோடு வந்தது. 150, 160 குதிரைத்திறன் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. வாங்கியவர்களில் பலர் இருபதுகளில், முப்பதுகளில் இருப்பவர்கள். இந்த வண்டிகளில் அம்மா அப்பாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு திருமலைக்கும் போகிறார்கள், மொகிலி காட் வழியாகப் பெங்களூருக்கும் போகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பணம் சரியான இடத்தில் செலவாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நம்பிக்கை 1: ரீமேப் என்பது வெறும் சாப்ட்வேர். வண்டியில் எதுவும் கெடாது.

உண்மை: சாப்ட்வேரை மாற்றினால் மாறுவது எஞ்சினுக்குள் நடக்கும் வேலை. டர்போ தள்ளும் காற்றழுத்தம் கூடும், பெட்ரோல் கூடும், தீப்பொறி விழும் நேரம் மாறும். எஞ்சின் தாங்கிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ் தாங்குமா என்பதுதான் கேள்வி.

வெர்டஸ் 1.5, ஸ்லாவியா 1.5 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இருப்பது டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். இரண்டு கிளட்ச் கொண்டது. இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். அதன் வடிவமைப்பு எல்லை 250 நியூட்டன் மீட்டர் டார்க். எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே தருவதும் அதே 250. மிச்சம் வைக்க இடமே இல்லை. முதல் நிலை ரீமேப் செய்பவர்கள் 300ஐத் தாண்டும் என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் கூடுதல் சுமை முழுவதும் உலர் கிளட்ச்சின் தலையில் இறங்கும்.

திருமலை அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடி வரிசையை நினைத்துப் பாருங்கள். கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வண்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. ஒவ்வொரு நகர்விலும் கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கிச் சூடேறுகிறது. சூட்டை எடுத்துச் செல்ல எண்ணெயும் கிடையாது. ரீமேப் செய்யாத வண்டிக்கே இது சோதனைதான். அதனால் உலர் டிஎஸ்ஜி வைத்திருப்பவர் முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும் வரை பிரேக்கை நன்றாக மிதித்து நின்று, பிறகு ஒரே தடவையில் நகர்வது நல்லது. ஆக்டேவியா ஆர்எஸ் கதை வேறு. அதில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட பெரிய கியர்பாக்ஸ். “அவன் வண்டியில பண்ணினான், ஒண்ணும் ஆகல” என்று யாராவது சொன்னால், அவன் வண்டியில் எந்த கியர்பாக்ஸ் என்று முதலில் கேளுங்கள்.

நம்பிக்கை 2: மலை ஏற கூடுதல் சக்தி வேண்டும்.

உண்மை: உயரம் போகப் போகக் காற்று மெலியும், டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ எஞ்சினில் அந்தக் குறையை டர்போவே பெருமளவு ஈடுகட்டிவிடும். திருமலை ஆயிரம் மீட்டருக்கும் குறைவான உயரம்தான். தவிர, வெர்டஸ் 1.5 எஞ்சின் தன் முழு 250 நியூட்டன் மீட்டரையும் 1,600 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடுகிறது. ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினாலும் இழுவைக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று, அங்கே வேகமாகப் போக அனுமதியும் இல்லை. திருமலை மலைப்பாதையில் ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று தேவஸ்தானம் குறைந்தபட்ச நேரம் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். கணக்குப் போட்டால் ஏற்றத்தில் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். 230 குதிரைத்திறன் வண்டிக்கும் அதே 28 நிமிடம்.

நம்பிக்கை 3: கோன் ஃபில்டரும் பெரிய சைலன்சரும் போட்டால் பவர் கூடும்.

உண்மை: கூடுவது சத்தம். காது அதைப் பவர் என்று எடுத்துக்கொள்கிறது. கம்பெனி கொடுக்கும் ஏர் ஃபில்டர் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. வண்டியின் முகப்பிலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு எஞ்சின் அறைக்குள் கோனைத் திறந்து வைத்தால், அது எஞ்சின் சூட்டையே உறிஞ்சும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. உள்ளே வரும் காற்று சூடாகிவிட்டது என்று சென்சார் சொன்னதும், எஞ்சின் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தீப்பொறியைத் தாமதிக்கும், பவர் இறங்கும். ராயலசீமை வெயிலில் அந்த மாற்றம் உங்களை முன்னால் கொண்டுபோகாது, பின்னால்தான் தள்ளும்.

சைலன்சரோடு சேர்த்து கேடலிட்டிக் கன்வர்ட்டரையும் எடுத்துவிடச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. பிஎஸ்6 வண்டியில் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் உண்டு. அதை எடுத்தால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். விளக்கை அணைக்க இன்னொரு சாப்ட்வேர் போடுவார்கள். வெளியே வரும் கார்பன் மோனாக்சைடை எந்த சாப்ட்வேரும் குறைக்காது. உங்கள் பின்னால் பைக்கில் வருபவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

நம்பிக்கை 4: 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வண்டி பறக்கும்.

உண்மை: ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்லும் எண் இல்லை. அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு பொறுக்கும் என்பதைச் சொல்வது. அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும்படி எஞ்சின் அமைந்திருந்தால்தான் லாபம். சாதாரண பெட்ரோலுக்காக அமைந்த 1.5 டர்போவுக்கு 2020 டிசம்பரில் வந்த எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் தேவையே இல்லை. கடும் வெயிலில், முழுச் சுமையோடு ஏறும்போது எஞ்சினில் பெட்ரோல் தானாக வெடிக்கும் நாக்கிங் சத்தம் கேட்டால், 95 ஆக்டேன் வகை போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ரீமேப் செய்தவர்களுக்கு இங்கே வேறு ஒரு ஆபத்து உண்டு. பெங்களூரில் 97 அல்லது 100 ஆக்டேனுக்கு என்று போட்ட ரீமேப்புக்கு ஒவ்வொரு தடவையும் அதே பெட்ரோல் வேண்டும். பலமநேர் தாண்டி டேங்க் காலியானால் கிடைக்கும் பங்கில் கிடைப்பதைத்தான் போட முடியும். நாக்கிங் அங்கேதான் தொடங்கும்.

எஞ்சினுக்காகச் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஆயிலில் செய்யுங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதித்தால் தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு, பிஸ்டனையே உடைக்கக்கூடியது. அதை ஆயில் தடுக்கிறதா என்ற சோதனையும் சேர்ந்த தரம்தான் 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி. வண்டியின் கையேடு சொல்லும் தர எண் டப்பாவில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள்.

நம்பிக்கை 5: சக்கரம் பெரிதானால் பிடிப்பு கூடும்.

உண்மை: பிடிப்பு டயரின் ரப்பரில் இருக்கிறது, அலாயின் அங்குலத்தில் இல்லை. வெர்டஸ் ஜிடியில் வரும் அளவு 205/55 ஆர்16. மொத்த விட்டம் ஏறக்குறைய 632 மில்லிமீட்டர். 17 அங்குலத்துக்குப் போக விரும்பினால் 225/45 ஆர்17 போடலாம். விட்டம் 634தான் வரும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 215/50 ஆர்17 போட்டால் 647 ஆகிவிடும். முள் 100 காட்டும்போது வண்டி 102ஐத் தாண்டி ஓடும். பக்கச்சுவர் மெலிந்த டயர் பள்ளத்தில் விழுந்தால் அலாய் விரிசல் விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அளவை மாற்றாமல் அதே 16 அங்குலத்தில் நல்ல ரப்பர் போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். வாங்கும்போது டயரின் பக்கச்சுவரைக் குனிந்து பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. இரண்டு வருடம் கடையில் கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் தலையில் கட்ட விடாதீர்கள். அளவுக்குப் பின்னால் இருக்கும் எழுத்து எச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

நம்பிக்கை 6: பெரிய பிரேக் கிட் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும்.

உண்மை: பிரேக் சக்கரத்தை நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர். திடீர் பிரேக்கில் ஏபிஎஸ் துடிக்கிறது என்றால், டயர் பிடிக்கக்கூடியதைவிட அதிகமாக உங்கள் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்று பொருள். அதற்கு மேல் பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு தடவை நிற்கும் தூரம் குறையாது. பெரிய டிஸ்க்கின் பலன் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூட்டைத் தாங்குவது.

நம் மலைப்பாதைகளில் சூட்டுக்கு முதலில் பலியாவது பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புது டாட்4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான தர வரம்பு 155தான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்து வந்தால் பழைய ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்ற ஆகும் செலவு ஒரு டேங்க் பெட்ரோலைவிடக் குறைவு. இறங்கும்போது ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் மேனுவல் முறைக்கு மாற்றி, இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி வாருங்கள்.

நம்பிக்கை 7: மாற்றினால் யாருக்குத் தெரியும்?

உண்மை: சட்டம் தெளிவாக இருக்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தமும் புகையும் விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை தனி அபராதம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு சர்வேயர் வரும்போது வெளியே வரும். வாரண்டி கேட்டுப் போனால் சர்வீஸ் சென்டர் கணினியும் சாப்ட்வேர் மாறியதைக் கண்டுபிடித்துவிடும்.

எனவே செலவின் வரிசை இதுதான். முதலில் நான்கு நல்ல டயர், வீல் அலைன்மென்ட். இரண்டாவது பிரேக் ஆயில், நல்ல பிரேக் பேட். மூன்றாவது கையேடு சொல்லும் எஞ்சின் ஆயில், நேரத்துக்கு சர்வீஸ். இவை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு ரீமேப் செலவுதான் ஆகும். சட்டத்துக்கும் உட்பட்டவை, வாரண்டியையும் தொடாதவை. இத்தனைக்குப் பிறகும் பவர் போதவில்லை என்று தோன்றினால், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். 150 குதிரைத்திறன் என்ன செய்யும் என்பது அங்கே புரியும். பொதுச் சாலை அதற்கான இடம் இல்லை. 2024 செப்டம்பரில் மொகிலி காட்டில் பேருந்தும் லாரிகளும் மோதிப் பல உயிர்கள் போயின. அந்தச் சாலையில்தான் நாமும் குடும்பத்தோடு போகிறோம். வண்டியை வேகமாக்கும் பணத்தை, அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்குச் செலவிடுங்கள்.