தோளும் அதன் தசைகளும்

தமிழ்ப் புலவர் விதந்து பாடிய உடலுறுப்புக்களுள் தோளும் ஒன்று. ஆடவர் தோளை மலையென்றும், மகளிர் தோளை மூங்கிலென்றும் கூறுதல் அவர்தம் மரபு. கலம்பகம் என்னும் பிரபந்தத்தின் உறுப்புக்கள் பதினெட்டனுள், பாட்டுடைத் தலைவனது தோள்வலியைப் பாடுதற்கென்றே புயவகுப்பு என ஒன்று அமைந்துள்ளது. ஆயினும், புலவர் கண்டு வியந்தது தோளின் புறவடிவே. தோலை நீக்கி உள்ளே நோக்குவார்க்கு அதனினும் வியத்தகு செய்தியொன்று புலனாகும். தோளின் ஆற்றல் வெளியே திரண்டு தோன்றும் தசையில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தோன்றாது உள்ளே அமைந்த நான்கு சிறு தசைகளிலும் அஃது அடங்கியிருக்கின்றது. இதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டு உடற்கூற்று நூலறிவைத் தமிழிற் கூறுதல் புதுவழக்கன்று. 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், மானிப்பாயில் மாணாக்கர்க்கு மருத்துவம் பயிற்றியதோடு, உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கவும் பெரிதும் உழைத்தார். அவர் சென்ற வழியிலே நாமும் சிறிது செல்வோம்.

எலும்பும் மூட்டும்

தோளில் அமைந்த எலும்புகள் மூன்று. கழுத்தின் கீழே குறுக்காகக் கிடப்பது காறையெலும்பு. முதுகின் மேற்புறத்தில், விலாவெலும்புகளின்மேல் முக்கோண வடிவிற் கிடப்பது தோட்பட்டையெலும்பு. தோளிலிருந்து முழங்கைவரை நீண்டிருப்பது புயவெலும்பு. இவற்றுள் காறையெலும்பு ஒன்றே மார்பெலும்பொடு மூட்டுற்றுக் கை முழுவதையும் உடற்கூட்டொடு இணைக்கின்றது. தோட்பட்டையோ விலாவெலும்புகளொடு மூட்டு ஏதுமின்றித் தசைகளாலேயே தாங்கப்பட்டு, அவற்றின்மேல் வழுக்கி இயங்குகின்றது.

புயவெலும்பின் தலை பந்துபோல் உருண்டது. அது பொருந்தும் குழி தோட்பட்டையின் ஓரத்தில் உள்ளது. இடுப்பு மூட்டை நோக்கின், தொடையெலும்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்துள் அழுந்திக் கிடத்தலைக் காணலாம். தோள்மூட்டு அத்தகையதன்று. அதன் குழி மிகவும் ஆழங் குறைந்தது. சிறிய அகலின்மேல் பெரியதோர் எலுமிச்சங்கனியை நிறுத்தினாற்போன்றது. குழியின் விளிம்பைச் சூழ்ந்த குருத்து வளையம் அதனைச் சிறிது ஆழமாக்குகின்றது. மூட்டைச் சூழ்ந்த உறையோ தளர்ந்தது. இவ்வமைப்பினாலேயே கையை முன்னும் பின்னும், மேலும் கீழும், வட்டமாகவும் சுழற்ற இயலுகின்றது. வித்திடுதலும், வலை வீசுதலும், பந்தெறிதலும், முதுகைத் தானே சொறிந்துகொள்ளுதலும் இதனாலன்றோ கைகூடுகின்றன! ஆனால் உறுதியைக் கொடுத்தே தோள் இவ்வுரிமையைப் பெற்றுளது. எலும்பு தாராத உறுதியைத் தருதல் தசைகளின் கடனாயிற்று.

புறத்தசை

தோளுக்கு உருண்ட வடிவைத் தருவது டெல்டாயிடு என்னும் தசை. கிரேக்க நெடுங்கணக்கின் டெல்டா என்னும் முக்கோண எழுத்தை ஒத்திருத்தலின் இப்பெயர் பெற்றது. காறையெலும்பின் புறப்பகுதி, தோளின் உச்சி, தோட்பட்டையின் முதுகுவரம்பு ஆகிய மூன்றிடங்களில் தோன்றிக் குவிந்து, புயவெலும்பின் புறத்தே ஏறத்தாழ நடுப்பகுதியில் ஒட்டுகின்றது. இதன் முற்பகுதி கையை முன்னோக்கி உயர்த்தும். நடுப்பகுதி பக்கவாட்டில் உயர்த்தும். பிற்பகுதி பின்னோக்கி இழுக்கும். மார்பின் பெருந்தசையும் முதுகின் அகன்ற தசையும் உயர்த்திய கையை வலிந்து தாழ்த்துதற்குரியன. மரமேறுவோன் தன் உடலை மேலே இழுத்துக்கொள்ளுதல் இவற்றின் வலியாலாம்.

அகத்தசைகள்

இனி, நாம் முன்னர்க் குறித்த நான்கினைக் காண்போம். தோட்பட்டையின் பின்புறத்தே முதுகுவரம்பின் மேலுள்ள பள்ளத்திற் கிடப்பது சூப்ராஸ்பைனேட்டஸ். வரம்பின் கீழுள்ள பள்ளத்திற் கிடப்பது இன்பிராஸ்பைனேட்டஸ். அதன் கீழே அடுத்துள்ள சிறு தசை டெரிஸ் மைனர். தோட்பட்டைக்கும் விலாவிற்கும் இடையே மறைந்து கிடப்பது சப்ஸ்கேபுலாரிஸ். முதலது கையைப் பக்கவாட்டில் உயர்த்தத் துணைபுரியும். அடுத்த இரண்டும் புயத்தைப் புறநோக்கித் திருப்பும். நான்காவது அகநோக்கித் திருப்பும். இவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பின்னிச் சட்டைக்கையின் பட்டியைப்போல் புயவெலும்பின் தலையை மேலும் முன்னும் பின்னும் தழுவி நிற்கின்றன.

இவற்றின் தலையாய பணி திருப்புதலன்று. புயவெலும்பின் தலையைக் குழியின் நடுவே அழுத்தி நிறுத்துதலேயாம். கை தொங்கும் நிலையில் டெல்டாயிடு தனியே சுருங்குமாயின், அது புயவெலும்பை நேரே மேல்நோக்கி இழுத்து, அதன் தலையைத் தோளுச்சியின் அடியில் மோதுவிக்கும். கை நன்கு உயராது. அவ்வேளையில் அகத்தசைகள் தலையை உள்நோக்கியும் கீழ்நோக்கியும் இழுத்துப் பிடிக்கின்றன. இவ்விரு விசைகளும் இணைந்தபோதே கை சுழன்று உயர்கின்றது. தேரின் வடம் பற்றி இழுப்போர் பலர்; சக்கரத்தின்கீழ்க் கட்டையிட்டு அதனை நெறிப்படுத்துவோர் சிலர். அச்சிலர் கைவிடின் வடத்தின் வலியே தேருக்குத் தீங்காய் முடியும். தோளின் நிலையும் அத்தகையதே.

தோட்பட்டையின் இயக்கம்

கையைத் தலைக்குமேல் உயர்த்துதல் ஒரு மூட்டின் செயலன்று. நண்பனொருவன் தன் கையை மெல்ல உயர்த்துங்கால், அவன் தோட்பட்டையின் கீழ்நுனியில் விரலை வைத்துப் பார்க்க. தொடக்கத்தில் சிறிதே அசைந்த அந்நுனி, கை உயர உயரப் புறநோக்கிச் சுழன்று செல்வதை உணரலாம். இவ்வியக்கத்தை ஆராய்ந்த இன்மன், சாண்டர்ஸ், ஆபட் என்னும் மூவர் 1944-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கை உயரும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டினாலும், 60 பாகை தோட்பட்டையின் சுழற்சியாலும் நிகழ்கின்றன என்பது அதன்வழி வந்த பொதுக்கணக்கு. தோட்பட்டையைச் சுழற்றுவன கழுத்திலும் முதுகிலும் பரந்த டிரபீசியஸ் தசையும், வாளின் பற்கள்போல் விலாவெலும்புகளைப் பற்றிய செராட்டஸ் தசையுமாம். செராட்டஸை இயக்கும் நரம்பு கெடின், சுவரைக் கையால் தள்ளுங்கால் தோட்பட்டை சிறகுபோல் புடைத்தெழும்.

தோளுக்கு வரும் இடர்கள்

உடலின் பெருமூட்டுக்களுள் மிகுதியும் நழுவுவது தோள்மூட்டே. பெரும்பாலும் அது முன்னோக்கியே நழுவும். விளையாட்டுக் களத்தில் கையை நீட்டி வீழ்ந்தவனுக்கு இஃது எளிதில் நேரும். அவ்வமயம் அருகிலுள்ளோர் அன்பின் மிகுதியால் கையைப் பற்றி இழுத்துச் சரிசெய்ய முற்படுதல் பெருந்தவறு. டெல்டாயிடை இயக்கும் நரம்பு புயவெலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்கின்றது. இரத்தக் குழாய்களும் அண்மையிலுள்ளன. எலும்பு முறிந்திருத்தலும் கூடும். ஆதலின், கையை இருந்த நிலையிலேயே துணியால் தாங்கி, விரைந்து மருத்துவரிடம் கொண்டு செல்லுதலே தக்கது.

முதுமையில் வரும் இடர் வேறு. தோளுச்சியின் அடியிற் செல்லும் சூப்ராஸ்பைனேட்டஸின் நாண் ஆண்டுகள் செல்லச் செல்ல நைந்து கிழிதலுண்டு. நாற்பது முதல் அறுபது வயதிற்குட்பட்டார் சிலர்க்கு மூட்டின் உறை சுருங்கித் தோள் இறுகிப்போதலும் உண்டு. நீரிழிவுடையார்க்கு இது மிகுதி. தலைவாரவும் சட்டையணியவும் இயலாது வருந்தும் பெற்றோரை, "வயதின் குறை" எனக் கூறி வாளா இருத்தல் மக்கட்குத் தகாது. நோவுக்கு அஞ்சிக் கையை நெடுநாள் அசையாது வைத்தலும் இறுக்கத்தை மிகுவிக்கும். மருத்துவர் கூறும் முறைப்படி மெல்ல இயக்குதல் நலம்.

முடிவுரை

உடற்பயிற்சி செய்யும் மாணவர் பலர் கண்ணாடியிற் காணும் தசைகளையே வளர்க்க விழைகின்றனர். அகத்தசைகளைப் பேணாது புறத்தசையைப் பெருக்குதல், அடிப்படையை நோக்காது மாடம் உயர்த்துவதனோடு ஒக்கும். புயத்தைப் புறமும் அகமும் திருப்பும் எளிய பயிற்சிகளைச் சிறு பளுவொடு செய்துவரின் அவை வலுப்பெறும். புலவர் பாடிய மலைபோன்ற தோளை நாம் விரும்புதல் இயல்பே. அம்மலையை நிலைபெயராது நிறுத்தும் சிறு தசைகளையும் அறிந்து போற்றுவோமாக.