தண்டனை அறிவித்தாயிற்று, அடுத்து என்ன? குளத்தூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வட்டத்தின் பெயர்தான் குளத்தூர். தாலுகா ஆபீஸும் கோர்ட்டும் கீரனூரில். நம் வீட்டுப் பையன் அங்கே கூண்டில் நிற்கிறான், நீதிபதி "குற்றவாளி" என்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதற வேண்டாம். வரிசையாகப் போவோம்.

அந்த ஐந்து நிமிடம்

தண்டனையைச் சொல்லும் முன், "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். பலர் தலையைக் குனிந்து "ஒன்றுமில்லை ஐயா" என்றுவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். முதல் வழக்கு, வயதான அம்மா, படிப்பு என எல்லாவற்றையும் வக்கீல் மூலம் சொல்லவேண்டிய நேரம் அதுதான். சிறு குற்றமென்றால், 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விடும்படியும் கேட்கலாம்.

தீர்ப்பில் எதைப் பார்ப்பது?

கடைசிப் பக்கத்துக்குப் போவோம். இரண்டு ஆண்டு, ஓராண்டு என இரு தண்டனைகள் இருக்கின்றனவா? "ஏககாலத்தில்" என்ற சொல் இருந்தால் மொத்தம் இரண்டு ஆண்டு. இல்லையென்றால் மூன்று! ரிமாண்டில் இருந்த நாட்கள் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எங்கே, எத்தனை நாளுக்குள்?

கீரனூர் நடுவர் தீர்ப்பென்றால் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. செஷன்ஸ் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 60 நாளுக்குள். மரண தண்டனைக்கு மட்டும் 30.

தண்டனை மூன்று ஆண்டுக்கு மேல் போகாமல், பையனும் ஜாமீனில் இருந்தால், தீர்ப்பளித்த கோர்ட்டிலேயே அன்றைக்கே தண்டனையை நிறுத்திவைக்க மனு போடலாம். ஆகவே தீர்ப்பு நாளன்று ஜாமீன்தாரர்களைக் கூட்டிக்கொண்டு, ஆதார், வீட்டுவரி ரசீதையும் கையோடு எடுத்துப்போவோம். உள்ளே போய்விட்டாலும் வழி உண்டு: சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டு மனு அனுப்பலாம்.

எவ்வளவு செலவு?

சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகல் இலவசம், உடனே தரவேண்டும். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எதுவானாலும், வக்கீலும் இலவசம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. தனி வக்கீல் வைத்தால் நகல், டைப்பிங், மதுரைப் பயணம் எல்லாம் சேர்த்தா பீஸ் என்று முதலிலேயே கேட்டுவிடுவோம். அபராதம் கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

உஷார்

"ஜட்ஜைத் தெரியும்" என்று கோர்ட் வாசலில் வருபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கூலிக்கு வரும் ஜாமீன்தாரரும் வேண்டாம். இன்னொன்று: அரசுத் தரப்பும் மேலே போகலாம். சரவண பவன் ஹோட்டல் அதிபர் ராஜகோபாலுக்கு ஒரு கொலை வழக்கில் 2004-ல் பூந்தமல்லி கோர்ட் கொடுத்தது 10 ஆண்டு; 2009-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆயுளாக்கியது.

தீர்ப்புத் தேதியை இன்றே காலண்டரில் வட்டமிடுங்கள்.