தக்காளிப் பழத்தில் நோயும் குறையும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

காய்கறி வணிகம் செய்யும் நமது உறுப்பினர்கள் தக்காளிப் பெட்டியைத் திறந்ததும் நிறத்தையும் பருமனையும் பார்க்கிறார்கள். கறையோ வடுவோ தென்பட்டால் எல்லாவற்றையும் சொத்தை என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது வழக்கமாக உள்ளது. ஆனால் அந்தப் பழத்தோடு நின்றுவிடும் குறைகளும் உண்டு. இரண்டே நாளில் பெட்டி முழுவதையும் கெடுப்பவையும் உண்டு. முன்னதைக் காட்டி விவசாயியிடம் விலையைக் குறைத்துவிட்டு, பின்னதைக் கவனியாமல் கடைக்கு ஏற்றி வந்தால் நஷ்டம் நம்முடையதுதான். 2023 ஜூலையில் தக்காளி சில்லறையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது இதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

காம்புக்கு எதிர்ப்புறம், பழத்தின் அடியில் கருப்பாகத் தோல் போல உள்வாங்கிய வடு இருந்தால் அது நுனி அழுகல். பெயர் அழுகலே தவிர இதில் கிருமி கிடையாது. காய் பருக்கும்போது அதன் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் மண்ணில் பொதுவாகச் சுண்ணாம்புச் சத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் தண்ணீரைத் தேக்கினால் வேர் அதை ஒழுங்காக எடுப்பதில்லை. இவ்வடு பக்கத்துப் பழத்துக்குத் தொற்றாது. வடு உலர்ந்திருந்தால் அதை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். விலை குறைத்து விற்கத் தடையில்லை.

வெயில் நேரே பட்ட பக்கம் வெளுத்துக் காகிதம் போல ஆவதும் தொற்றாத குறையே. மழைக்காலத்தில் வரும் வெடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்து தழும்பேறிய வெடிப்பு தாங்கும். ஈரமான புது வெடிப்பில் பூசணமும் ஈயும் புகுந்து புளித்த வாடை கிளம்பும்; அதை அன்றைக்கே விற்றுவிட வேண்டும். மஞ்சளும் சிவப்புமாக வளையம் வளையமாகத் தெரியும் பழம் வைரஸ் தாக்கிய செடியினுடையது; பார்வைக்கு மட்டமே தவிரப் பெட்டிக்குள் பரவாது, உண்பவருக்கும் தீங்கில்லை.

மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் அதிகமாகச் சச்சரவை உண்டாக்குவது ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோய். பழுத்த பழத்தில் சிறு வட்டமாக நீர் கோத்தது போல உள்வாங்கி, நடுவில் கரும்புள்ளிகள் தோன்றும். பூசணம் பச்சைக் காயிலேயே புகுந்து, பழுக்கும்வரை வெளியில் தெரியாமல் இருக்கும். ஆகவே ஏலத்தில் மாசு மருவற்றிருந்த பெட்டி மூன்றாம் நாள் புள்ளி விழுந்தால் அனுப்பியவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே சொல்லிவிட முடியாது. மழை நாட்களில் வந்த சரக்கை இருப்பு வைக்காமல் விற்பதே இதற்கு வழி. காம்படியில் கருப்பாக, வெல்வெட் போலப் படர்ந்து வளையம் தெரிந்தால் அது இலைக்கருகல் நோயின் பூசணம். அதையும் ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது பாக்டீரியாவால் வரும் மென்னழுகல். பழம் தண்ணீர்ப் பை போலத் தொளதொளத்து, துர்நாற்றத்துடன் சாறு கீழே வடியும். அச்சாறு பட்ட பழத்தில் சிறு காயம் இருந்தாலும் போதும். மேல்வரிசையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இதில்தான். பெட்டியின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது நல்லது. பெட்டியை விளிம்புக்கு மேல் குவித்து அடுக்கினால் அடிப்பழம் நசுங்கி அழுகலுக்கு வழி திறக்கும்.

புழுத் துளையிலும் வேறுபாடு உண்டு. பெரிய வட்டத் துளை காய்ப்புழுவினுடையது. காம்பருகே ஊசி குத்தியது போன்ற துளை, 2014-இல் நம் நாட்டில் கண்டறியப்பட்ட தென் அமெரிக்க ஊசிப்புழுவின் வேலையாக இருக்கலாம். இரண்டிலும் பின்னால் அழுகல் வரும்.

கடையில் வைக்கும் முறையாலும் பழம் கெடுகிறது. வெயிலில் வந்த சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் முக்கினால் காம்பு வடு வழியாக நீரையும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் நிழலில் ஆறவிட வேண்டும். தகரக் கூரையின் கீழ் முப்பது டிகிரிக்கு மேல் வெப்பத்தில் பழுக்க வைத்தால் நல்ல சிவப்பு ஏறாமல் மஞ்சளாகவே நிற்கும். பச்சை மாறாத காயைக் குளிர்பெட்டியில் நாள்கணக்கில் வைத்தாலும் பிறகு ஒழுங்காகப் பழுக்காது.

பூசணம் பிடித்த பழத்தை ரசத்துக்கு ஆகும் என்று சாப்பாட்டுக் கடைகளுக்கு மலிவாகத் தள்ளுவது கூடாது. பூசண இழை வெளியே தெரியும் இடத்தையும் தாண்டி உள்ளே ஓடியிருக்கும். அதில் விஷப்பொருளும் உண்டாகலாம். அத்தகைய பழத்தைக் குழியில் போட்டு மூடி, பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்த பின்னரே அடுத்த சரக்கை நிரப்ப வேண்டும்.