மூசையில் இட்ட பொன்

பொன்னின் தூய்மையை அறிய விரும்பும் பொற்கொல்லன் அதனை மூசையில் இட்டு உலையில் வைப்பான். வெம்மை ஏற ஏறக் கலப்பு நீங்கிப் பொன் தனித்து நிற்கும். மாந்தர்தம் உள்ளத்தின் தன்மையை அறிதற்கும் இத்தகைய உலைகள் வாழ்வில் வந்து வாய்ப்பதுண்டு. அத்தகையதோர் உலையை நம் கண்முன் நிறுத்தும் நாடகமே ‘தி குரூசிபிள்’ என்பது. அப்பெயர்க்கு மூசை என்பதே பொருள். அதனை இயற்றியவர் அமெரிக்க நாடக ஆசிரியராகிய ஆர்தர் மில்லர் (1915–2005). 1953ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அது நியூயார்க்கு நகரில் முதன்முதல் நடிக்கப்பெற்றது.

நாடகம் நிகழும் ஊரின் பெயர் சேலம். பெயர் ஒன்றாயினும் இது தமிழகத்துச் சேலம் அன்று; வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், மாசச்சூசெட்ஸ் என்னும் பகுதியில் உள்ளது. காலம் 1692ஆம் ஆண்டு. அப்பகுதி அன்று ஆங்கில அரசுக்கு உட்பட்ட குடியேற்ற நாடாக இருந்தது. அங்கு வாழ்ந்தோர் பியூரிட்டானியர் எனப்பட்ட கடுநெறிக் கிறித்தவர். சூனியம் உண்டென்பது அவர்தம் நம்பிக்கை. அதனைச் செய்தார்க்குத் தூக்கே தண்டனை என்பது அவர்தம் சட்டம்.

ஓரிரவு இளம்பெண்கள் சிலர் ஊரார் அறியாமல் காட்டில் கூடி ஆடினர். பாதிரியார் பாரிஸ் அதனைக் கண்டுவிட்டார். அச்சத்தால் அவர் மகள் உணர்வற்றவள்போலப் படுக்கையிற் கிடந்தாள். ‘இது சூனியத்தின் செயல்’ என்று ஊரார் பேசலாயினர். தண்டனைக்கு அஞ்சிய பெண்கள், தம் பிழையை மறைக்கப் பிறர்மேற் பழி சுமத்தினர். அவர்க்குத் தலைவியாய் நின்றவள் அபிகேல். அவள் ஜான் பிராக்டர் என்னும் உழவர் வீட்டில் முன்னர்ப் பணிசெய்தவள். பிராக்டர் ஒருகால் நெறி தவறி அவளோடு பழகினார். அதனை அறிந்த அவர் மனைவி எலிசபெத் அவளை வீட்டினின்றும் நீக்கினாள். அன்று முளைத்த பகை, ஊரில் எழுந்த அச்சத்தைத் தனக்குத் துணையாகக் கொண்டது. எலிசபெத்தும் சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பெற்றுச் சிறை புகுந்தாள்.

சூனியம் கண்ணாற் காண இயலாத குற்றம். ஆதலின், ‘யான் துன்புற்றேன்’ என்று அலறிய பெண்களின் சொல்லே அங்குச் சான்றாயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் உயிர் பிழைத்தனர். ‘யான் குற்றமற்றேன்’ என்றவர் தூக்கிலிடப்பெற்றனர். ஒப்புக்கொண்டவரிடமோ, ‘உன்னுடன் இருந்தார் யாவர்?’ என்ற வினா எழுந்தது. விடையாக வந்த ஒவ்வொரு பெயரும் மற்றுமொரு வழக்காயிற்று. பொய்க்கு உயிரும் மெய்க்குச் சாவும் பரிசாக அளித்த மன்றம் அது.

மனைவியை மீட்க எண்ணிய பிராக்டர் மன்றம் ஏறினார். அபிகேலின் சூழ்ச்சியை மெய்ப்பிக்க வேறு வழியின்மையால், தம் பழைய பிழையைப் பலரறியத் தாமே கூறினார். தம் மனைவி பொய்யே அறியாதவள் என்றும் உரைத்தார். நீதிபதி டான்போர்த் எலிசபெத்தை அழைத்து அதுபற்றி வினவினார். கணவன் முன்னரே உண்மை கூறியதை அவள் அறியாள். அவன் பெயர்க்கு மாசு நேராதிருக்க, ‘அவர் பிழை செய்யவில்லை’ என்றாள். அன்பினால் அவள் சொன்ன அந்த ஒரு பொய்யே அவன் கூறிய மெய்யை அழித்தது. முடிவில் பிராக்டரும் சூனியக் குற்றத்திற்கு ஆளாகிச் சிறைப்பட்டார்.

இறுதி அங்கம் சிறையில் நிகழ்கிறது. ஒரு பொய் சொன்னால் பிராக்டர் உயிர் வாழலாம். மக்களோடும், கருவுற்றிருக்கும் மனைவியோடும் கூடலாம். ‘முன்னரே மாசுற்ற எனக்கு வீரர்போல் இறக்கத் தகுதி யாது?’ என்று அவர் உள்ளம் தளர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், கையெழுத்தும் இட்டார். ஆயினும், பிறர் பெயரைக் கூறுக என்றபோது மறுத்தார். அவ்வோலையை ஊரார் காணக் கோயிற் கதவில் ஒட்டப்போவதாக அறிந்ததும் அதனைக் கொடுக்கவும் மறுத்தார். தம்மைக் காக்கும் பொய், குற்றமற்ற நண்பர்மேல் விழுந்த பழியை உறுதிசெய்யும் என்பதை அவர் உணர்ந்தார். ஓலையைக் கிழித்தெறிந்து, அறவோளாகிய மூதாட்டி ரெபேக்கா நர்சுடன் தூக்குமேடை நோக்கி நடந்தார். பிழையே செய்யாதவன்தான் சான்றோன் என்பதில்லை. பிழை செய்தவனும், பிறர்க்குக் கேடு சூழேன் என்று நிற்குங்கால் சான்றோன் ஆகிறான்.

நாடகத்திற்காக மில்லர் சில மாற்றங்களைச் செய்துள்ளார். வரலாற்றில் பிராக்டர் அறுபது வயதை அணுகியவர். அபிகேல் பன்னிரண்டு வயதளவினளான சிறுமி. ஆனால் கொடுமை கற்பனையன்று. சேலத்து வழக்குகளில் பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பெற்றனர். மன்றத்திற்கு விடை கூற மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரி, மார்பின்மேற் கல்லேற்றப்பெற்று உயிர் நீத்தார்.

அக்காலத்து அமெரிக்காவில் பொதுவுடைமையர் என்ற ஐயத்தின் பேரில் பலர் விசாரணைக்கு உள்ளாயினர். அதனைக் கண்டு மனம் நொந்தே மில்லர் பழைய சேலத்தை நாடகமாக்கினார். 1956இல் அவரையும் பேராயக் குழு அழைத்தது. தம்மைப் பற்றி விடையளித்த அவர், பிறர் பெயரைக் கூற மறுத்தார். அதற்காக 1957இல் குற்றவாளி எனப்பெற்றார். 1958இல் மேல்மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

சேலத்தில் பழிக்கப்பட்டவர் பலரின் தீர்ப்பு 1711இலேயே நீக்கப்பெற்றது. ஆயினும் எலிசபெத் ஜான்சன் என்பவளின் பெயர் விடுபட்டது. அவள் தூக்கினின்று தப்பினாள்; பழியினின்று தப்பவில்லை. மாசச்சூசெட்ஸ் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவர் அவ்வழக்கை ஆராய்ந்து, அவள் பெயரைத் தூய்மையாக்குமாறு முயன்றனர். 2022இல் சட்டமன்றம் அதற்கு இசைந்தது. ஒரு பெயரைக் கெடுக்க ஒரு நொடி போதும். அதனை மீட்க முந்நூறு ஆண்டிற்கு மேலாயிற்று. ஆதலின், பிறர்மேற் பழி கூற நா எழும்போது அதனை அடக்குதலும், பழிக்கப்பட்டார்க்காகப் பேசவேண்டிய இடத்தில் வாய்திறத்தலும் கற்றோர் கடனாகும்.