லேடீஸ் சீட் கோபுரத்திலிருந்து பொம்மிடி தெரியுமா?



சென்ற மாதம் நான் ஏற்காடு போய் வந்தேன். சுற்றுலாக் கட்டுரை என்றால் "அதிகாலையில் எழுந்தோம், பஸ் ஏறினோம், கண்டு களித்தோம், மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்" என்றுதான் நாம் எல்லோரும் எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். அறிவியல் டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல நீ புதுசா என்னப்பா தெரிஞ்சுக்கிட்ட? அதை மட்டும் எழுதிட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் இது இரண்டாவது தடவை எழுதியது.

நம் ஊரில் நின்று தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். தினமும் பார்ப்பதால் நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணை கட்டியிருக்கும் வாணியாறு அந்த மலையில்தான் பிறக்கிறது. ஏற்காடு இருப்பதும் அதே மலையின் மேல்தான். ஆனால் நாங்கள் போனது சுற்று வழி. பொம்மிடியில் ரயில் ஏறி லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாகச் சேலம் போய், அங்கிருந்து பஸ்ஸில் அடிவாரம், பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். ரயிலில் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் மலை கூடவே வந்தது. மலையை அரைவட்டம் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமாக ஏறுகிறோம் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. அதுதான் பின்னால் வினையானது.

கிளம்பும்போது எங்கள் ஆயா ஒன்று சொல்லி அனுப்பினார். "கண்ணு, மேல போனீன்னா நம்ம ஊரு தெரியுதான்னு பாத்துட்டு வா. நான் எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போனப்ப ராத்திரியில தெரியும். டேசன் வெளிச்சம் தெரியும். ரயிலு போச்சுன்னா பூரான் ஊர்ற மாதிரி இருக்கும்."

ஆயா கல்யாணமான புதிதில் நாலைந்து வருஷம் காபிப் பழம் பறிக்கும் வேலைக்கு ஏற்காட்டு மலைக்குப் போயிருக்கிறார். ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் காலத்தில். அன்றிலிருந்து கார்த்திகை, மார்கழி மாதங்களில் பழம் பறிக்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு அப்போது மூன்று வயசாம். அவரை ஊரில் விட்டுவிட்டு ஆயா மட்டும் மலையில் தங்கியிருப்பாராம். ராத்திரி சோறு தின்றுவிட்டு லயன் வீட்டுக்கு வெளியே வந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம்.

எங்கள் மாமா சிரித்துவிட்டார். "அவ்வளவு தூரத்துலருந்து டேசன் எப்படித் தெரியும்? மின்மினிப் பூச்சியப் பாத்திருப்பீங்க." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை மூடிக் கொடுத்தார்.

ஏற்காட்டில் ஏரி, படகு, ரோஜாத் தோட்டம் எல்லாம் பார்த்தோம். அவற்றை முன்பே போனவர்கள் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது லேடீஸ் சீட் பற்றி. அது மலையின் ஓரத்தில் இருக்கும் பாறைத் திட்டு. வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் மாலை நேரத்தில் அங்கே வந்து உட்காருவார் என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே ஒரு பார்வைக் கோபுரமும் அதில் தொலைநோக்கியும் உண்டு.

கோபுரத்தில் ஏறியதும் சேலம் நகரமே காலடியில் கிடந்தது. நாங்கள் ஏறி வந்த சாலை அவிழ்த்துப் போட்ட தாம்புக்கயிறு மாதிரி வளைந்து வளைந்து தெரிந்தது. மலைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருந்தன. அவை வெள்ளைக்கல் என்கிற மாக்னசைட் தோண்டும் சுரங்கங்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்பது கஞ்சமலை. அதன் அடியில்தான் சேலம் உருக்காலை. வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணையின் தண்ணீர்கூடத் தெரியுமாம். அது நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். நாங்கள் போன அன்று அந்தத் திசையில் புகை மாதிரி ஒரு மங்கல்தான்.

தொலைநோக்கிக்கு வரிசையில் நின்று என் முறை வந்ததும் கண்ணை வைத்தேன். முதலில் என் இமை முடிதான் பெரிதாகத் தெரிந்தது! ஒரு கண்ணை மட்டும் மூட எனக்கு வராது. இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பிறகு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஒரு மொட்டை மாடி, அதில் காயும் துணி, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். அது எந்தத் தெரு, சேலத்தில் எந்தப் பக்கம், ஒன்றும் புரியவில்லை. தொலைநோக்கி பொருளைப் பெரிதாக்கும்போது பார்க்கும் பரப்பைச் சுருக்கிவிடுகிறது. அதனால் முதலில் வெறுங்கண்ணால் இடத்தைக் குறிவைத்துக்கொண்டு பிறகுதான் குழலில் பார்க்க வேண்டும். இனி போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பொம்மிடியைத் தேடினேன். மாமாவிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே எங்கள் முதுகுப் பக்கம் கையைக் காட்டி, "பொம்மிடியா? அது மலைக்கு அந்தாண்டை தம்பி" என்றார். லேடீஸ் சீட் இருப்பது சேலத்தைப் பார்த்த ஓரம். பொம்மிடி இருப்பது வடக்கே. நடுவில் முழு மலையும் நிற்கிறது. பின்வாசலில் நின்றுகொண்டு தெருவைத் தேடின கதைதான்.

"பாத்தியா, உங்க ஆயா சொன்னது கதைதான்" என்றார் மாமா. அப்போது நானும் தலையாட்டினேன். ஆனால் திரும்பி வரும்போது, நம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தபோது, எதிரே அதே மலை நின்றது. எட்டாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. ஒளி நேர்கோட்டில் செல்லும். போன வழியிலேயே திரும்பியும் வரும். இங்கிருந்து மலையின் வடக்கு ஓரம் தெரிகிறது என்றால் அந்த ஓரத்திலிருந்து இந்த இடமும் தெரிந்தாக வேண்டும். ஆயா வேலை செய்தது வடக்குப் பக்கத்து எஸ்டேட். அதை நான் அதுவரை கேட்கவே இல்லை.

சரி, வழி மறைக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் கண் எட்டுமா? மறுநாள் கணக்கு சாரிடம் போய் நின்றேன். அவர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் ஒரு சின்ன மலை வரைந்து, "பிதாகரஸ் போடு" என்றார். பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர். மலை உச்சியிலிருந்து தொடுவானத்துக்கு ஒரு கோடு. அது அங்கே ஆரத்துக்குச் செங்குத்து. எனவே செங்கோண முக்கோணம். ஏற்காடு ஊர் கடல் மட்டத்திலிருந்து 1515 மீட்டர். சேலம் 278 மீட்டர். வித்தியாசம் 1237 மீட்டர். கணக்கைப் போட்டால் தொடுவானம் 125 கிலோமீட்டர் தள்ளி வருகிறது! நடுவில் வேறு மலை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். பொம்மிடி, மலை ஓரத்திலிருந்து நேர்கோட்டில் 20 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். பூமியின் வளைவு நம் ஊரை மறைக்க வாய்ப்பே இல்லை.

(நம் ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று சின்னதாக எழுதியிருக்கும். அதைக் குறித்து வந்து சேலத்துக்குப் பதிலாக நம் ஊருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.)

சார் இன்னொன்றும் சொன்னார். மேலே நிற்பவருக்குத் தொடுவானம் தள்ளிப் போவதால் சூரியனும் தாமதமாகத்தான் மறையும். 125ஐ 6371ஆல் வகுத்து டிகிரியாக மாற்றினால் 1.12 வருகிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். ஆக, மேற்கே மறைப்பு ஏதும் இல்லை என்றால், சேலத்தில் இருப்பவருக்குச் சூரியன் மறைந்து நாலரை நிமிடம் கழித்துத்தான் ஏற்காட்டில் இருப்பவருக்கு மறையும். துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா கட்டிடத்தில் இதே சங்கதிதான். 80வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் சூரியன் மறையும் முன்பே இறங்கி வந்துவிட்டோம். இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் மாமாவைக் கெஞ்சியாவது இருந்திருப்பேன்.

அடுத்தது கண்ணின் திறன். ஒரு டிகிரியை 60ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் சாதாரணக் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம். 20 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 6 மீட்டர். அதாவது நம் வகுப்பறை ஒரு புள்ளி. நாம் யாரும் தெரியவே மாட்டோம். பகலில் இன்னொரு தொல்லை, நடுவில் இருக்கும் காற்று. அதில் உள்ள தூசியும் ஈரமும் வெயிலைச் சிதறடித்து எதிரே ஒரு வெளிறிய திரையைத் தொங்கவிடுகின்றன. தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்கும் ஒளிச்சிதறல்தான் காரணம். மேட்டூர் எங்களுக்குத் தெரியாமல் போனதும் இந்தத் திரையால்தான். நல்ல மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் போனால் தெரிய வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பகலிலேயே வீடு தெரியாது என்றால் ராத்திரி எப்படித் தெரியும்? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "நட்சத்திரம் ஒரு புள்ளியைவிடச் சின்னது. அது எப்படித் தெரியுது?"

வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் உருவம் கண்ணில் விழ வேண்டும். விளக்கைப் பார்க்க உருவம் தேவையில்லை. சுற்றிலும் இருட்டாக இருந்து, போதுமான ஒளி கண்ணுக்கு வந்தால் போதும். இருட்டில் கண்ணின் பாவையும் நன்றாக விரிந்துகொள்ளும். வெயில் இல்லாததால் அந்த வெளிறிய திரையும் இல்லை. நல்ல இருட்டில் ஒரு மெழுகுவர்த்திச் சுடர் சுமார் இரண்டரை கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 20 கிலோமீட்டர் அதைப்போல 8 மடங்கு. தூரம் 8 மடங்கானால் ஒளி 64இல் ஒரு பங்காகக் குறையும். ஆகவே ஒரே இடத்தில் 64 மெழுகுவர்த்தி எரிந்தால் அங்கிருந்து தெரிய வேண்டும். காற்று கொஞ்சம் தின்றுவிடும் என்று கூடுதலாக வைத்துக்கொண்டாலும், ஸ்டேஷனில் ஒரு நல்ல விளக்கு, ரயில் எஞ்சினின் முன்விளக்கு எல்லாம் இதைவிடப் பல மடங்கு.

பெரிய தொலைநோக்கிகளைப் பற்றியும் டீச்சர் சொன்னார். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986 முதல் வேலை செய்யும் தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். நட்சத்திரம் பார்க்கும் குழலில் உருவம் தலைகீழாக விழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. லேடீஸ் சீட்டில் சேலம் தலைகீழாகத் தெரிந்தால் காசு கொடுத்தவர் சும்மா விடுவாரா? அதனால் தரையைப் பார்க்கும் குழலில் உருவத்தை நிமிர்த்தக் கூடுதலாக லென்ஸோ பட்டகமோ வைக்கிறார்கள். ஊர் விளக்குகளின் வெளிச்சம் படாத இருட்டு வேண்டும் என்றுதான் வானத்தைப் பார்க்கிறவர்கள் மலைக்காட்டைத் தேடிப் போகிறார்கள். எங்கள் ஆயாவோ மலைக்குப் போய் ஊர் விளக்கைத் தேடியிருக்கிறார்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போய் ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். பிதாகரஸ் வரும்போது அவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 64 மெழுகுவர்த்தி வரும்போது நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான் ஆயா. டேசன் வெளிச்சம் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும் என்னடா, தெரிஞ்சுது. ராத்திரி ஒரு ரயிலு போவும். உங்கப்பன் இந்நேரம் தூங்கியிருப்பான்னு நெனச்சுக்குவேன்." கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அது சரி, நீ அவ்ளோ தூரம் போய் என்னத்தப் பாத்துட்டு வந்த?" என்றார்.

"சேலத்தப் பாத்தேன் ஆயா."

"சேலத்தப் பாக்கவாடா மலையேறுன? அதான் ரயில்ல போறப்பவே தெரிஞ்சிருக்குமே!"

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்